மதுரையில் எரிந்தது போக மிச்சம்

1922 ஜூன் 30ஆம் தேதி டப்ளின் நகரத்தில் காகித மழை பெய்தது. அயர்லாந்தின் உள்நாட்டுச் சண்டையில் ஒரு கோஷ்டி 'ஃபோர் கோர்ட்ஸ்' என்ற நீதிமன்ற வளாகத்தைப் பிடித்துக்கொண்டு, அங்கிருந்த அரசு ஆவணக் காப்பகத்தில் வெடிமருந்தை இறக்கி வைத்திருந்தது. இன்னொரு கோஷ்டி வெளியே நின்று பீரங்கியால் சுட்டது. வெடித்தது. யாரால் வெடித்தது என்று நூறு வருஷமாக இரண்டு பக்கமும் எதிர்ப்பக்கத்தைக் கைகாட்டிக்கொண்டிருக்கின்றன. எழுநூறு வருஷத்துக் காகிதம் போயே போய்விட்டது. அதில் குடும்ப உயில்கள் கட்டுக்கட்டாக இருந்தன. எந்தத் தாத்தா எந்தப் பேரனுக்குப் பசுமாட்டை எழுதி வைத்தார், எந்த மகனுக்கு ஒரே ஒரு ஷில்லிங்கை எழுதி ஊர் சிரிக்க வைத்தார் என்பதெல்லாம் சாம்பலாகி லிஃபி நதி மேல் பறந்தது.

இதில் பெரிய கொடுமை, மூன்று வருஷம் முன்னால் 1919இல் ஹெர்பர்ட் வுட் என்ற காப்பக அதிகாரி, உள்ளே என்னென்ன இருக்கிறது என்று பொறுமையாக அட்டவணை போட்டுப் புத்தகமாக அச்சிட்டிருந்தார். அட்டவணை பிழைத்தது. அதில் கண்ட சரக்கில் பெரும்பகுதி இல்லை. மக்கள்தொகைக் கணக்கு இன்னும் மோசம். 1861, 1871 கணக்கேடுகளை அரசாங்கமே அழித்துவிட்டது. 1881, 1891 ஏடுகளை முதல் உலகப் போர்க் காலத்தில் காகிதத் தட்டுப்பாடு என்று கூழாக்கினார்கள். ஆக, குண்டு போட்டு அழிந்தது கொஞ்சம், குமாஸ்தா கையெழுத்துப் போட்டு அழிந்தது கொஞ்சம்.

இந்தக் கதையை மதுரைக்காரரிடம் சொன்னால் உச்சுக்கொட்ட மாட்டார். "எழுநூறு வருஷம்தானா? நாங்க கடல்ல விட்டதே எட்டாயிரத்துச் சொச்சம்" என்பார்.

அதற்கு எழுத்து ஆதாரமும் காட்டுவார். இறையனார் அகப்பொருள் உரை என்று ஒரு நூல். தலைச்சங்கம் 4440 ஆண்டு, இடைச்சங்கம் 3700 ஆண்டு, கடைச்சங்கம் 1850 ஆண்டு என்று அதில் கணக்கு இருக்கிறது. கூட்டிப் பாருங்கள்: 9990. பத்தாயிரம் என்று ரவுண்டாகச் சொன்னால் நம்ப மாட்டார்கள் என்று பத்தைக் குறைத்து, ஜவுளிக்கடைத் தள்ளுபடி விலை மாதிரி வைத்திருக்கிறார்கள். தலைச்சங்கத்தில் சிவபெருமான் உறுப்பினர், முருகன் உறுப்பினர், குபேரனும் உறுப்பினர். நிதிக்கு நிதி, நெற்றிக்கண்ணுக்கு நெற்றிக்கண். இவ்வளவு பேர் இருந்தும் ஒரு கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு மிஞ்சவில்லை. முதுநாரை, முதுகுருகு, களரியாவிரை என்று நூல்களின் பெயர்ப் பட்டியல் மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஹெர்பர்ட் வுட் பார்த்திருந்தால் கட்டிப்பிடித்து அழுதிருப்பார்.

முதலிரண்டு சங்கமும் கடல் கொண்டது. மூன்றாவதைக் கடல் தொடாத இடமாகப் பார்த்து, வைகைக் கரையில் வைத்தார்கள். தண்ணீர் பயம் போயிற்று என்று மூச்சு விட்ட இடத்தில் கண்ணகி வந்தாள்.

கண்ணகி வழக்கு முழுக்க முழுக்க ஆவணக் கோளாறு. அரண்மனையில் கோப்பெருந்தேவியின் நகைகளுக்கு ஒரு ஸ்டாக் ரிஜிஸ்டர் வைத்து, 'சிலம்பு, ஜோடி ஒன்று, உள்ளே பரல் முத்து' என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். கோவலன் கொண்டுவந்த சிலம்பில் மாணிக்கம். அசைத்துப் பார்த்தாலே விவகாரம் முடிந்திருக்கும். கோவலன் பிழைத்திருப்பான், மதுரை பிழைத்திருக்கும், இளங்கோவடிகள் வேறு கதை தேடிப் போயிருப்பார். பொற்கொல்லன் வாய்ச்சொல்லை நம்பி ஓர் உயிர் போனது; அடுத்து ஊர் போனது. தீக்கடவுளுக்குக் கண்ணகி உத்தரவு போடும்போது ஒரு விதிவிலக்குப் பட்டியல் கொடுத்தாள். பார்ப்பனர், அறவோர், பசு, பத்தினிப் பெண்கள், முதியோர், குழந்தைகள் ஆகியோரை விட்டுவிட வேண்டும். நல்ல பட்டியல். பசு வரைக்கும் ஞாபகம் வைத்தவள் ஏட்டுக்கட்டுகளை மறந்துவிட்டாள். அன்றைக்கு எத்தனை குடும்பத்து ஓலை, எத்தனை கடன் முறி எரிந்ததோ! கடன் வாங்கியவர்கள் அவளைத் தெய்வமாகக் கும்பிட்டதில் ஆச்சரியம் இல்லை.

நெருப்பு ஓய்ந்த நாட்களில் வைகை வேலை பார்த்தது. பஞ்சம் பிழைக்க வந்த எண்ணாயிரம் சமண முனிவர்களைப் பாண்டியன் ஆதரித்தானாம். பஞ்சம் தீர்ந்ததும் அவர்கள் ஊருக்குப் புறப்பட நினைத்தார்கள், அரசன் விடவில்லை. ஒரு ராத்திரியில் ஆளுக்கொரு வெண்பாவை எழுதி உட்கார்ந்த இடத்தில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். காலையில் பார்த்த அரசனுக்கு வந்தது கோபம். எண்ணாயிரம் ஓலையையும் வைகையில் வீசச் சொன்னான். அதில் நானூறு வெள்ளத்தை எதிர்த்து நீந்தி வந்தது. அதுதான் நாலடியார் என்பது பழங்கதை. தேர்ச்சி விகிதம் நூற்றுக்கு ஐந்து. எந்தப் பதிப்பாசிரியருக்கும் இவ்வளவு கல்நெஞ்சு கிடையாது.

திருஞானசம்பந்தர் காலத்தில் நெருப்பு, நீர் இரண்டையும் சேர்த்தே தேர்வு நடத்தினார்கள். முதல் தாள் அனல் வாதம், ஏட்டைத் தீயில் போட வேண்டும். இரண்டாம் தாள் புனல் வாதம், ஏட்டை ஆற்றில் விட வேண்டும். சம்பந்தர் ஏடு தீயில் பச்சையாக இருந்தது. ஆற்றில் எதிரேறிப் போய்ச் சோழவந்தான் பக்கம் திருவேடகத்தில் கரை ஒதுங்கியது. தோற்ற சமணர்களுக்கு என்ன நடந்தது என்பது சிரித்துக்கொண்டு எழுதுகிற விஷயம் அல்ல, விட்டுவிடுகிறேன். இன்றைக்கு அதே தேர்வை வைத்தால் இரண்டு தரப்பு ஏடும் மணலில்தான் கிடக்கும். அணையில் தண்ணீர் திறந்துவிடச் சொல்லி முதலில் கலெக்டருக்கு மனுக் கொடுக்க வேண்டும்.

இத்தனையையும் தாண்டித் தப்பிய மதுரைக் கடிதங்களில் முதல் மரியாதை சிவபெருமான் எழுதிய சிபாரிசுக் கடிதத்துக்கு. பாணபத்திரர் என்று ஒரு யாழ்ப் பாணர், ஆலவாய் இறைவன் சந்நிதியில் பாடிப் பிழைப்பவர். கஷ்ட ஜீவனம். சுவாமிக்கு மனசு கேட்கவில்லை. என்ன செய்தார்? திருவிளையாடற் புராணம் கூசாமல் சொல்கிறது: பாண்டியன் கருவூலத்திலிருந்து பொன்னையும் மணியையும் யாருக்கும் தெரியாமல் எடுத்து எடுத்துப் பாணருக்குக் கொடுத்தார். பாணரும் கணக்குக் கேட்காமல் விருந்தும் விசேஷமுமாகச் செலவு செய்தார். திடீரென்று ஒருநாள் வரத்து நின்றது. பாணர் பதறினார். சுவாமி கனவில் வந்து காரணம் சொன்னார். இருப்புக் குறைவது தெரிந்தால் அரசன் கருவூலக் காவலர்களைப் பிடித்து அடிப்பான். அந்தப் பழி நமக்கு வேண்டாம். பாருங்கள், மூவுலகையும் ஆள்கிறவருக்கே ஆடிட் பயம் இருந்த ஊர் இது.

அதற்குப் பதிலாக ஓர் ஓலை எழுதினார். சேரமான் பெருமாளுக்கு. அனுப்புநர் ஆலவாயில் இருக்கும் சிவன். பெறுநரின் கொடைத்தன்மை பற்றி ஐஸ் கொஞ்சம். கொண்டுவரும் பாணபத்திரன் நம்மிடம் அன்புள்ளவன், உன்னைப் பார்க்க வருகிறான், பொருள் கொடுத்து அனுப்பி வை. அவ்வளவுதான் விஷயம். நலம் நலமறிய ஆவல் கிடையாது, எவ்வளவு என்ற தொகையும் கிடையாது. சிபாரிசுக் கடிதம் எழுதத் தெரிந்தவர்கள் தொகை எழுத மாட்டார்கள்; அதை வாங்குகிறவர் தலையில் விட்டுவிடுவார்கள். சேரமான் ஓலையைத் தலையில் வைத்துக் கூத்தாடி, கருவூலத்தையே திறந்து விட்டு, நாட்டையும் எடுத்துக்கொள் என்றார். பாணர் வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு மதுரை திரும்பினார். அந்த ஓலைப் பாட்டு பதினோராம் திருமுறையின் முதல் உருப்படியாக இன்றும் இருக்கிறது. எட்டாயிரத்துச் சொச்சம் வருஷத்து இலக்கணத்தைக் கடல் தின்றது. பணம் கேட்டு எழுதிய துண்டு ஓலையை எதுவும் தொடவில்லை.

சொத்து வழக்கிலும் சுவாமி சளைத்தவர் அல்ல. 2004இல் ஒத்தக்கடைப் பக்கம் உயர்நீதிமன்றக் கிளை வந்ததை ஊர் கொண்டாடியது. அதற்கு எத்தனையோ தலைமுறை முன்பே சிவபெருமான் நேரில் ஆஜரான ஊர் இது. தனபதி என்று ஒரு வணிகன். பிள்ளை இல்லை. தங்கை மகனைத் தத்து எடுத்து வளர்த்தான். ஒருநாள் அண்ணன் தங்கைக்குள் வாய்த்தகராறு. "என் பிள்ளையால்தானே உனக்குக் கதி" என்று தங்கை ஒரு வார்த்தை விட்டாள். தனபதிக்கு அது தைத்துவிட்டது. சொத்தையெல்லாம் மருமகனுக்கு விட்டுவிட்டு மனைவியோடு தவத்துக்குப் போய்விட்டான். ஆள் நகர்ந்ததும் தாயாதிகள் வந்தார்கள். தாயாதிகள் எப்போதுமே வருவார்கள். அவர்களுக்கு யாரும் தந்தி அடிக்க வேண்டியதில்லை. வீடு, நிலம், நகை எல்லாம் போயிற்று. தங்கை சொக்கநாதர் முன்னால் போய் அழுதாள். வழக்கு மன்றத்துக்குப் போ, நாம் வருகிறோம் என்று உத்தரவு ஆனது.

மறுநாள் மன்றத்தில் வாய்ச்சண்டை உச்சத்தில் இருக்கும்போது, கிழவர் ஒருவர் உள்ளே நுழைகிறார். "இந்த ஊரில் கேட்பார் இல்லையா?" என்று ஒரு சத்தம். தங்கையைக் கட்டிக்கொண்டு அழுகிறார். மருமகன் உடம்பைத் தடவிப் பார்த்து, காதில் கிடந்தது எங்கே, கழுத்தில் போட்டது எங்கே என்று ஒவ்வொரு நகையாகப் பெயர் சொல்லிப் புலம்புகிறார். கூட்டம் கண்ணைத் துடைக்கிறது. தாயாதிகள் மட்டும் அசையவில்லை. "இவர் தனபதியே இல்லை" என்றார்கள். சட்டப்படி அது நியாயமான ஆட்சேபணை, உண்மையும் அதுதான். கிழவர் சிரித்துக்கொண்டு ஆரம்பித்தார். தாயாதிகளின் அப்பன் பெயர், பாட்டன் பெயர், யார் யாரைக் கட்டினார்கள், யாருக்கு யார் பிறந்தார்கள், யார் குணம் என்ன என்று வம்சாவளியை வரிசையாக அவிழ்த்துவிட்டார். எல்லாம் அட்சரம் பிசகாமல் சரி. மன்றத்தார், இவரே தனபதி என்று தீர்த்தார்கள். தாயாதிகள் தண்டத்துக்குப் பயந்து தலைமறைவு. கிழவரும் மறைந்துவிட்டார். பரஞ்சோதி முனிவர் இதை 39ஆவது விளையாட்டாக வைத்திருக்கிறார். பிற்காலத்து இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 2024 வரை ஆள்மாறாட்டத்துக்கு 419ஆம் பிரிவு இருந்தது. நல்லவேளை, அதை வரைந்த மெக்காலே அப்போது பிறக்கவில்லை.

புராணம் போதும். கையில் பிடித்துப் பார்க்கக் கிடைக்கிற மதுரைக் கடிதங்கள் 17ஆம் நூற்றாண்டில் ஆரம்பிக்கின்றன. அவை ரோமாபுரியில் இருக்கின்றன. காரணம், அதே தாயாதிச் சண்டையின் கிறிஸ்தவப் பதிப்பு.

1606இல் ராபர்ட் டி நோபிலி என்ற இத்தாலிய இளைஞர் மதுரைக்கு வந்தார். பெரிய இடத்துப் பிள்ளை, கர்தினால்கள் உறவு. ஏற்கெனவே இங்கே கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற வயதான பாதிரியார், பல வருஷமாக நல்ல மனசோடு ஊழியம் செய்துகொண்டிருந்தார். முத்துக்குளித்துறைப் பரதவர் மதுரைக்கு வந்தால் பூசை வைப்பார். மதுரைக்காரர் யாரும் அவர் பக்கம் திரும்பவில்லை. மாட்டிறைச்சியும் மதுவும் உள்ள பறங்கி என்று ஒதுக்கினார்கள். நோபிலி வந்து சூழ்நிலையைப் பார்த்தார். அங்கியைக் கழற்றிக் காவி கட்டினார். குடுமி, பூணூல், சந்தனம், பாதக்குறடு. சாப்பாடு சோறும் காய்கறியும். பெரியவர் வீட்டை விட்டுத் தனிக்குடித்தனம் போனார். வாசலில் ஓலை ஒன்றைத் தொங்கவிட்டார். தாம் பறங்கி இல்லை, அவர்களுக்கு உறவும் இல்லை, ரோமில் ராஜாக்களுக்குச் சமமான குடும்பத்தில் பிறந்தவர் என்று அதில் எழுதியிருந்தது. கதவில் வம்சாவளியைத் தொங்கவிட்டு வீட்டு மரியாதை வாங்கியவர் அவர். மதுரையின் சுபாவத்தை இவ்வளவு சீக்கிரம் கண்டுபிடித்த வெளியூர்க்காரர் வேறு யாரும் இல்லை.

பெர்னாண்டஸுக்கு எப்படி இருந்திருக்கும்! ஒரே சபை, ஒரே ஊர். சின்னவன் பக்கத்தில் வீடு எடுத்துக்கொண்டு, பெரியவருக்கும் தமக்கும் சம்பந்தம் இல்லாத மாதிரி நடக்கிறான். 1610இல் மேலிடத்துக்கு நீளமான புகார் எழுதினார். நோபிலி பதில் எழுதினார். பூணூல் சமயச் சின்னமா சாதிச் சின்னமா என்று மதுரைப் பிராமணர்களிடமே சாட்சி வாங்கிச் சேர்த்தார். 1619இல் கோவாவில் மாநாடு போட்டுத் திட்டினார்கள். மறுபடி புகார், மறுபடி விளக்கம். கடைசியில் 1623 ஜனவரியில் பதினைந்தாம் கிரகோரி போப்பாண்டவர், பூணூலும் குடுமியும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஆணை விட்டார். மதுரை நாயக்கர் காலத்துத் தெருவில் யார் என்ன சாப்பிட்டார்கள், எதைக் கட்டினார்கள், எதற்கு மூக்கைச் சுளித்தார்கள் என்று இன்று ஆராய்ச்சி செய்பவர்கள் இந்தக் கோள்மூட்டல் கடிதங்களைத்தான் புரட்டுகிறார்கள். இரண்டு பாதிரிகளும் ஒற்றுமையாக இருந்திருந்தால் நமக்கு ஒரு வரி கிடைத்திருக்காது.

அடுத்த வேடிக்கை 18ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில். இதில் வருகிறவர்கள் ஸ்காட்லாந்துக்காரர்கள். அயர்லாந்துக்குக் கடல் தாண்டினால் அடுத்த வீடு. லாகரிதம் கண்டுபிடித்து 1614இல் வெளியிட்ட ஜான் நேப்பியரை எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தில் அந்த அட்டவணைப் புத்தகத்தைச் சபிக்காத பிள்ளை கிடையாது. அந்த வம்சத்து நேப்பியர் பிரபு ஒருவருக்கு மூதாதையின் சரித்திரம் எழுத ஆசை. இந்துக்களுக்கு லாகரிதம் தெரிந்திருந்ததா என்று தகவல் திரட்ட, காலின் மெக்கன்சி என்ற இளைஞரை ஏற்பாடு செய்தார். பிரபு இறந்துபோனார். மெக்கன்சி 1783இல் சென்னைக்கு வந்தார். பிரபுவின் மகள் ஹெஸ்டர், கணவர் சாமுவேல் ஜான்ஸ்டனின் உத்தியோகம் காரணமாக மதுரையில் இருந்தார். அப்பா விட்ட வேலையைத் தொடர வேண்டும் என்று மெக்கன்சியை மதுரைக்கு அழைத்து, இங்கிருந்த பண்டிதர்களுக்கு அறிமுகம் செய்து வைத்தார்.

விருந்துக்குக் கூப்பிட்டு வீட்டு வேலையை ஒப்படைக்கிற பழக்கம் எல்லா நாட்டிலும் உண்டு. ஆனால் மெக்கன்சி பண்டிதர்களோடு உட்கார்ந்ததும் நேப்பியர் மறந்துபோனார். லாகரிதம் போயிற்று, பாண்டியன் கதை வந்தது. ஊர் ஊராக நிலம் அளக்கப் போன இடமெல்லாம் ஓலை, கல்வெட்டு, வம்சாவளி, தலபுராணம் என்று அள்ளினார். 1821இல் கல்கத்தாவில் இறந்தபோது விட்டுப்போனதை வில்சன் என்ற அறிஞர் 1828இல் பட்டியல் போட்டார். சுவடிகள் 1568, உள்ளூர் வரலாற்றுக் கைப்பிரதிகள் 2070, கல்வெட்டுப் படிகள் 8076, நாணயம் 6218. நேப்பியர் சரித்திரம்: பூஜ்யம். இந்தக் கதையை 1832இல் லண்டன் பாராளுமன்றக் கமிட்டியில் சொன்னவர் அலெக்ஸாண்டர் ஜான்ஸ்டன். மதுரையில் வளர்ந்த ஹெஸ்டரின் பிள்ளை, இலங்கையில் தலைமை நீதிபதியாக இருந்தவர். தமிழ்ச் சுவடிகள் இப்போது சென்னையில் அரசு கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் இருக்கின்றன. அவற்றில் பாதியை ஊரிலேயே விட்டிருந்தால் கறையானுக்குக் கல்யாணச் சாப்பாடு.

அசல் அயர்லாந்துச் சரக்கும் நமக்கு ஒன்று வந்தது: ராபர்ட் கால்டுவெல். 1814இல் ஆன்ட்ரிம் பகுதியில் பிறந்து, 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதி, 1891இல் கொடைக்கானலில் காலமானார். அப்போது கொடைக்கானல் மதுரை ஜில்லா. உடலை இடையன்குடிக்குக் கொண்டுபோனார்கள். அவர் விட்டுப்போன சொத்துக்கு மட்டும் இன்னும் பாகப்பிரிவினை முடியவில்லை; மேடைக்கு மேடை வாய்தா போய்க்கொண்டிருக்கிறது.

1812 முதல் 1828 வரை மதுரைக் கலெக்டராக இருந்த ரௌஸ் பீட்டர், மீனாட்சிக்குத் தங்க அங்கவடி செய்துபோட்டவர். ஊர் அவரைப் 'பீட்டர் பாண்டியன்' ஆக்கிவிட்டது. இறந்தபின் முகம் கோயிலைப் பார்த்திருக்கும்படி புதைக்க வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டதாக மதுரையில் சொல்வார்கள். வாய்மொழி உயில்தான், ஆனாலும் யாரும் வழக்குப் போடவில்லை. சொத்து சம்பந்தப்படாத உயிலுக்கு அதுதான் கதி.

சொத்து சம்பந்தப்பட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சிவகங்கை இருக்கிறது. 1801இல் கம்பெனிக்காரர்கள் கௌரி வல்லபத் தேவரை ஜமீன்தாராக உட்கார வைத்தார்கள். அவர் 1829இல் காலமானார். ஏழு மனைவிகள், அவர்களில் மூவர் உயிரோடு இருந்தார்கள். ஆண் வாரிசு இல்லை. அண்ணன் மக்கள் வந்து ஜமீனைக் கைப்பற்றினார்கள். விதவை அங்கமுத்து நாச்சியார் கோர்ட்டுக்குப் போனார். கூட்டுக் குடும்பமா இல்லையா, ஜமீன் பிதுரார்ஜிதமா சுயார்ஜிதமா என்று கட்டுக்கட்டாகக் காகிதம் கப்பலேறியது. அங்கமுத்து 1850இல் இறந்தார். ஜமீன்தாரின் மகள் காத்தம நாச்சியார் விடவில்லை. 1863இல் லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பு சொன்னது: குடும்பம் பிரியாததாக இருந்தாலும் ஜமீன் அவர் தாமாகச் சம்பாதித்தது, ஆகவே பெண்வழிக்குப் போகும். முப்பத்துநாலு வருஷம். அந்தக் காலத்தில் மதுரைச் சீமையில் எத்தனை வக்கீல் வீடு மாடி வீடாக மாறியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கலாம்.

ராமநாதபுரம் இதற்கு இளைத்ததா? ராணி பர்வதவர்த்தனி நாச்சியார் முத்துராமலிங்கத்தைத் தத்து எடுத்தார். புருஷன் அனுமதி இல்லாமல் விதவை தத்து எடுக்கக் கூடாது என்று எதிர்த்து வழக்காடியவர் தாயாதி அல்ல, சாட்சாத் மதுரைக் கலெக்டர். தத்து செல்லாது என்றால் ஜமீன் சர்க்காருக்கு வந்துவிடுமே! 1868இல் பிரிவி கவுன்சில் கலெக்டரைத் தோற்கடித்தது. தென்னாட்டில் பங்காளிகள் சம்மதித்தால் விதவை தத்து எடுக்கலாம், வழக்கம் நிரூபணமானால் அது சாஸ்திர வாசகத்தையும் மிஞ்சும் என்றார்கள். சட்டக் கல்லூரிப் பிள்ளைகள் 'மதுரைக் கலெக்டர் வழக்கு' என்று இதை இன்றும் மனப்பாடம் செய்கிறார்கள். அரசாங்கமே தாயாதியாக வந்து தோற்ற வழக்கு என்று சொல்லிக்கொடுத்தால் இன்னும் நன்றாக நினைவில் நிற்கும்.

அந்த முத்துராமலிங்க சேதுபதியின் அண்ணன் பொன்னுசாமித் தேவர். அவர் மகன் பாண்டித்துரைத் தேவர். அவர் மதுரையில் பேச வந்தபோது பார்த்துக்கொள்ளக் கம்பராமாயணமும் திருக்குறளும் கேட்டாராம். ஊரில் தேடியும் அகப்படவில்லையாம். சங்கம் வைத்துத் தமிழ் வளர்த்த ஊரில் குறள் இல்லை! அந்த ரோஷத்தில் 1901இல் நான்காம் தமிழ்ச் சங்கம் பிறந்தது. ஆனால் இதே பாண்டித்துரைத் தேவரைப் பற்றி இன்னொரு கதையும் உண்டு. ஸ்காட் என்ற துரை, குறளில் எதுகை மோனை சரியில்லாத இடங்களைத் தாமே 'திருத்தி', அகத்தியர் பாணியில் தம் பெயரைச் 'சுகாத்தியர்' என்று வைத்துக்கொண்டு அச்சிட்டார். தேவர் நேரில் போய்ப் பாராட்டுகிறவர் மாதிரி இருந்த பிரதி அத்தனையும் விலைக்கு வாங்கி, தீயில் போட்டார். துரைக்கு ரொக்கம் வந்தது, குறளுக்கு உயிர் வந்தது. மதுரை நெருப்பு உருப்படியாகச் செய்த ஒரே வேலை இதுதான் என்பது என் அபிப்பிராயம்.

மற்றபடி நெருப்புக்கு நாமே விறகு எடுத்துக் கொடுத்தோம். உ.வே. சாமிநாதையர் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்குச் சுவடி தேடிப் போனபோது, பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமம் செய்துவிட்டதாகச் சொன்னார்களாம். ஆகமத்தில் அப்படித்தான் இருக்கிறதாம். ஐயர் வயிறு எரிந்ததை 'என் சரித்திர'த்தில் எழுதியிருக்கிறார். டப்ளினில் வெடிமருந்து, இங்கே பசு நெய். நம்முடையது மணமாகவாவது இருந்தது.

2022இல், எரிந்து நூறு வருஷம் ஆனபோது, அயர்லாந்துக்காரர்கள் உலகம் முழுக்கச் சிதறிக் கிடந்த நகல்களைத் தேடிச் சேர்த்து, எரிந்த காப்பகத்தைக் கணினியில் மறுபடி கட்டித் திறந்தார்கள். யாரோ எதற்காகவோ படியெடுத்து வெளியே அனுப்பியதுதான் கைகொடுத்தது. மதுரைக்கும் அதுவே கணக்கு. பத்திரமாக உள்ளே பூட்டி வைத்ததைத் தீயும் வெள்ளமும் நெய்யும் தின்றன. புகாராகவும் வழக்காகவும் சிபாரிசாகவும் ஊரைத் தாண்டிப் போனது ரோமிலும் லண்டனிலும் சேரமான் வீட்டிலும் பிழைத்துக் கிடக்கிறது.

பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது உங்கள் வீட்டுப் பரணிலிருந்தும் ஒரு தகரப்பெட்டி இறங்கும். உள்ளே துணியில் சுற்றிய பாகப்பிரிவினைப் பத்திரம் இருக்கலாம். 'பூரண சுயபுத்தியுடன், யாருடைய தூண்டுதலும் இன்றி' என்று தாத்தா எழுதிய உயிலும் இருக்கலாம். சாட்சிக் கையெழுத்தைப் பார்த்தால் தூண்டியது யார் என்று தெரிந்துவிடும். செக்குபந்தி விவரத்தில் இன்று இல்லாத கிணறும் புளியமரமும் வண்டிப்பாதையும் இருக்கும். பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போடாதீர்கள். இரண்டு நகல் எடுங்கள். ஒன்று உங்களுக்கு. இன்னொன்றை, பேச்சுவார்த்தை நின்றுபோன அந்தப் பெரியப்பா வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். உங்களைவிடப் பத்திரமாக வைத்திருப்பார்கள்.